கை முறிந்தது என்னாலா? நோட்டை எரிக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 26 வயது. சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் ஷிப்டில் வேலை செய்கிறேன். ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். எங்கள் ஆயா ஊரில் குழந்தைகளுக்கு வேப்பிலை போட்டு மந்திரிப்பார், திருஷ்டி கழிப்பார். அவர் காலமான பிறகு நான் மொபைலில் பார்த்து விட்ச்கிராஃப்ட் என்ற மேல்நாட்டு மந்திரச் சடங்குகளைப் பழக ஆரம்பித்தேன். அமாவாசை, பௌர்ணமிக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவேன், குறி பார்க்க டாரோ என்ற படக் கார்டு எடுப்பேன், நடந்ததை நோட்டில் எழுதுவேன். உன்னை நீயே புரிந்துகொள்ள இந்த நோட்டு உதவும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஒரு வருடம் எழுதியதைத் திருப்பிப் படித்தால், பாதிக்கு மேல் என்னோடு வேலை செய்யும் ஒருத்தியைப் பற்றித்தான் இருக்கிறது. எனக்கு வரவேண்டிய லைன் லீடர் பொறுப்பு அவளுக்குப் போய்விட்டது. ஒரு அமாவாசை ராத்திரி அவள் பெயரைக் காகிதத்தில் எழுதி, கறுப்பு நூல் சுற்றிக் கட்டினேன். பத்து நாளில் அவள் வண்டியிலிருந்து விழுந்து கை முறிந்துவிட்டது. நான்தான் செய்தேனா? செய்தது மூன்று மடங்காகத் திரும்பி வரும் என்கிறார்களே, வருமா? எழுத எழுத மனசு கனத்துப்போகிறது. அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் எழுதி வைக்கக் கூடாது, எரித்துவிடு என்கிறார். எரிக்கவா, தொடரவா? தொடர்ந்தால் எப்படி எழுதுவது?

பதில்: நோட்டை எரிக்க வேண்டாம். எரித்தால் காகிதம் போகும், மனசில் இருப்பது அப்படியே இருக்கும். அதோடு, இந்த ஒரு வருடத்தில் நீங்கள் யாராக இருந்தீர்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அந்த நோட்டுதான்.

அடுத்து, உங்களைத் தூங்கவிடாத கேள்வி. அந்தப் பெண்ணின் கை முறிந்ததற்கு நீங்கள் காரணம் இல்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் கட்டியது ஒரு துண்டுக் காகிதத்தை, உங்கள் ரூமில். அவள் விழுந்தது ரோட்டில், பத்து நாள் கழித்து. ஷிப்ட் விடும் நேரத்தில் சிப்காட் ரோடு எப்படி இருக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ், லாரி, டூவீலர் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். அந்தக் கூட்டத்தில் விழுந்து அடிபட்ட எத்தனையோ பேரின் பெயரை யாரும் காகிதத்தில் எழுதிக் கட்டவில்லை.

ஆனாலும் ‘நான்தான்’ என்று ஏன் தோன்றுகிறது? இதை நேராகவே சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் எமிலி ப்ரோனின், டேனியல் வெக்னர் முதலான உளவியலாளர்கள் 2006இல் அதை வெளியிட்டார்கள். ஆய்வுக்கு வந்தவர்களிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து, பக்கத்தில் இருக்கும் ஆளை நினைத்து அதில் ஊசி குத்தச் சொன்னார்கள். அந்த ஆள் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்தவர். சிலரிடம் அவர் சாதாரணமாக நடந்துகொண்டார், சிலரிடம் வேண்டுமென்றே எரிச்சலூட்டினார். ஊசி குத்தி முடித்ததும் ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்றார். எரிச்சல் அடைந்தவர்கள்தான், அதாவது குத்துவதற்கு முன்பே அவர்மீது கெட்ட எண்ணம் இருந்தவர்கள்தான், ‘நம்மால்தான் வலி வந்தது’ என்று அதிகமாக நம்பினார்கள். தலைவலியோ வெறும் நடிப்பு.

எண்ணம் முன்னால் வந்து, அதற்கு ஏற்ற மாதிரி ஒரு சம்பவம் பின்னால் நடந்தால், நம் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். படித்தவர், படிக்காதவர், நம்புகிறவர், நம்பாதவர் என்ற வித்தியாசம் இதற்குக் கிடையாது. உங்கள் குற்ற உணர்ச்சி ஒன்றே ஒன்றைத்தான் காட்டுகிறது: உங்களுக்கு அவள்மீது கோபம் இருந்தது, அவளுக்கு அடிபட்டபோது மனசு பதறியது. இரண்டும் உண்மை. இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். ‘நான் அவள் கையை உடைத்தேன்’ என்று மட்டும் எழுதாதீர்கள், அது நடக்கவில்லை.

மூன்று மடங்கு திரும்பும் என்பது விக்கா என்ற மதத்துக்குள் இருக்கும் ஒரு நம்பிக்கை. இங்கிலாந்தில் 1735இல் வந்த சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் வெளிப்படையாகப் பரப்பிய வழி அது. அந்த விதியை விக்காவுக்கு வெளியே விட்ச்கிராஃப்ட் பழகுகிறவர்கள் பலர் ஏற்பதில்லை. நம் ஊரிலும் ‘வச்சவனுக்கே திரும்பும்’ என்று சொல்வது உண்டு. அடுத்தவருக்குக் கெடுதல் நினைக்கும் கையைத் தடுக்கத்தான் இப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு அது நல்ல சொல்தான். ஆனால் தண்டனை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தால், பஸ் தவறினாலும் ‘ஒன்று’, காய்ச்சல் வந்தாலும் ‘இரண்டு’ என்று எண்ணிக்கொண்டே இருப்பீர்கள். அந்த மாதிரி வரிகள் உங்கள் நோட்டில் ஏற்கெனவே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அவை பயத்தில் எழுதிய வரிகள் என்று பின்னால் படிக்கும்போது தெரியட்டும்.

அந்த நூலைப் பிரித்துவிடுங்கள். உங்கள் வழியில் அதற்கு ஒரு முறை இருந்தால் அந்த முறைப்படியே பிரியுங்கள், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பிரித்த தேதியை எழுதுங்கள். மறுநாள் வேலைக்குப் போனதும், கூட வேலை செய்கிறவர் கேட்பது போல ‘கை எப்படி இருக்கிறது’ என்று அவளிடம் கேளுங்கள். கட்டியதைப் பற்றி மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். மனசை இறக்கி வைக்கிறேன் என்று நீங்கள் சொல்லப் போனால், அவளுக்கு ஒரு புதுப் பயம் வரும், உங்களுக்கு ‘சூனியம் வைக்கிறவள்’ என்ற பேர் வரும். ஒரு பெண்ணுக்கு அந்தப் பேர் ஒட்டிவிட்டால் நம் பக்கத்தில் எவ்வளவு நாள் போகாது, எப்படியெல்லாம் அவளைத் துரத்தும் என்று நான் பார்த்திருக்கிறேன். இதை ஓர் ஆலோசகரிடம் சொல்லலாம், நம்பிக்கையான ஒரு தோழியிடம் சொல்லலாம். அவளிடம் வேண்டாம்.

இனி, எழுத எழுத ஏன் மனசு கனக்கிறது என்பதற்கு வருகிறேன். இதுதான் உங்கள் கடிதத்தின் மையம் என்று நினைக்கிறேன்.

எழுதுவது நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எப்படி எழுதினால் நல்லது என்பதை யாரும் சொல்வதில்லை. ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் இருவரும் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்க்கையில் தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தை எழுத வைத்தார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த உடனே மனசு கனக்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் உடம்பு சரியில்லை என்று கல்லூரி மருத்துவமனைக்குப் போவது குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பலன் சின்னதுதான், எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதும் இல்லை. இருந்தாலும் அந்த எழுத்துகளில் ஒரு விஷயம் தென்பட்டது. நாள் செல்லச் செல்ல ‘அதனால்’, ‘இப்போது புரிகிறது’ என்ற மாதிரிச் சொற்கள் யாருடைய எழுத்தில் கூடிக்கொண்டே வந்தனவோ, அவர்களுக்குத்தான் நல்ல மாற்றம் தெரிந்தது.

அப்படியென்றால் எழுதும் அன்று கொஞ்சம் கனப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு வருடமாக ஒரே ஆள், ஒரே கோபம், ஒரே வாக்கியம் என்று போனால் விஷயம் வேறு. சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வருத்தத்தையே திரும்பத் திரும்ப அசைபோடுகிறவர்களுக்கு வருத்தம் குறைவதில்லை, நீள்கிறது. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’, ‘அவளுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?’ என்று கேட்டால் பதில் வராது. மனம் அதே இடத்துக்குத் திரும்பி வரும். உங்கள் நோட்டு இப்போது அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை உங்கள் பக்கம் திருப்ப வேண்டும்.

எப்படித் திருப்புவது? முதலில், நோட்டை இரண்டாக்குங்கள். கார்ட்னர் வழி வந்த குழுக்களில் சடங்கு முறைகளைக் கையாலேயே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளும் ஒரு புத்தகம் உண்டு, நிழல்களின் புத்தகம் என்பார்கள். அதில் முறை இருக்கும், மந்திரம் இருக்கும், எந்த நாளில் எது என்பது இருக்கும். இன்று இந்த வழியில் இருக்கும் பலர் அதோடு சேர்த்துத் தங்களைப் பற்றி மட்டும் எழுத இன்னொரு நோட்டும் வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கும் அப்படித்தான் வேண்டும். மெழுகுவர்த்தி என்ன நிறம், எந்தத் திசை, என்ன சொன்னேன் என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்பது வேறு நோட்டில் இருக்கட்டும். இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் கோபமே சடங்காகிறது, சடங்கே சாட்சியாகிறது.

அடுத்தது, நடந்தது வேறு, அதற்கு நீங்கள் கொடுத்த அர்த்தம் வேறு. இதற்கு நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களை வைத்திருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். இந்தப் பகுதி நடுகல் எழுத்துகளில் பொதுவாக என்ன இருக்கும்? எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, யார், யாருடைய ஆள், தொறு (மாட்டு மந்தை) மீட்டபோது பட்டான் (இறந்தான்) என்று நான்கைந்து வரி. அவ்வளவுதான். கல்லில் வெட்ட வேண்டுமே என்று தேவையானதை மட்டும் வெட்டினார்கள். 1,000 வருடம், அதற்கு மேலும் கழிந்த பிறகு நாம் படித்தாலும் என்ன நடந்தது என்று தெரிகிறது. உங்கள் நோட்டின் இடது பக்கத்தை அந்த மாதிரி எழுதுங்கள். தேதி, நேரம், எங்கே, யார் என்ன சொன்னார், நான் என்ன செய்தேன். வலது பக்கத்தில் அதைப் பற்றி எனக்கு என்ன தோன்றியது, உடம்பில் எங்கே தெரிந்தது, நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

உதாரணத்துக்கு, இப்போது உங்கள் நோட்டில் இப்படி ஒரு வரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: ‘இன்று அவள் என்னைப் பார்த்து நக்கலாகச் சிரித்தாள், அவள் கண்ணு பட்டுத்தான் எனக்குத் தலைவலி.’ இதையே இடது பக்கத்தில் எழுதினால்: ‘கேன்டீனில் மதியம் அவள் இரண்டு பேரோடு பேசிச் சிரித்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். ராத்திரி தூங்கவில்லை. காலையில் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குத் தலைவலி.’ வலது பக்கத்தில்: ‘என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது. வயிறு இறுகியது. எனக்குப் பொறாமையாக இருந்தது.’ அந்தக் கடைசி வரியை எழுதக் கை வராது. அதை எழுதிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது, நோட்டை மூடிவிடலாம்.

இன்னொரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். சடங்குக்கு முன்னாலேயே எழுத வேண்டும். பிறகு எழுதினால் மனம் கணக்கைச் சரிசெய்துவிடும். பலித்ததை மட்டும் நினைவு வைத்துக்கொள்ளும், பலிக்காததை மறக்கும், பாதி பலித்ததை முழுசாக்கிவிடும். அதனால் மெழுகுவர்த்தி ஏற்றும் முன் மூன்று வரி எழுதுங்கள். எனக்கு என்ன வேண்டும், அது கிடைத்தது என்று எதை வைத்துச் சொல்வேன், எந்தத் தேதிக்குள். ‘நல்லது நடக்கணும்’ என்று எழுதினால் போதாது, ஏதாவது ஒரு நல்லது எப்படியும் நடக்கும். ‘இந்த மாதக் கடைசிக்குள் சூப்பர்வைசர் என் வேலையைப் பற்றி என்னிடம் பேசுவார்’ என்று எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று சொல்ல முடியும். தேதி வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து, நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று எழுதுங்கள். நடக்காதவை பல வந்தாலும் அடிக்காதீர்கள், கிழிக்காதீர்கள். உங்கள் நம்பிக்கையைக் குலைக்க இதைச் சொல்லவில்லை. தன்னைத் தவறு என்று சொல்ல இடம் கொடுக்காத நோட்டை வைத்துக்கொண்டு யாரும் வளர முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

டாரோ கார்டுக்கும் இதுவே. 78 கார்டு, 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சீட்டு விளையாட்டாகத் தொடங்கியது. குறி பார்ப்பதற்கு அது பரவலாக ஆனது 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸில். கார்டு ஏன் நமக்கே சொன்னது போல் பொருந்துகிறது என்பதற்கு பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் தன் வகுப்பில் ஒரு சோதனை செய்தார். 39 மாணவர்களுக்கு, ‘இது உன் குணத்தைப் பற்றித் தனியாக எழுதியது’ என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4க்கு மேல் வந்தது. ஆகவே கார்டு எடுங்கள், படத்தைப் பாருங்கள். புத்தகத்தில் உள்ள பலனைப் படிக்கும் முன்பு, படத்தைப் பார்த்ததும் முதலில் யார் ஞாபகம் வந்தது, எதற்குப் பயந்தேன், எதை எதிர்பார்த்தேன் என்று எழுதுங்கள். உங்களைப் பற்றிய செய்தி அந்த எழுத்தில்தான் இருக்கும். நாளைக்கு என்ன நடக்கும் என்று கார்டிடம் கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தால் நல்லது.

அப்புறம் அமாவாசை, பௌர்ணமி. நீங்கள் ஷிப்டில் வேலை செய்கிறவர். உங்கள் கடிதத்தில் நிலாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நோட்டில் ஒவ்வொரு நாளும் மேலே நான்கு விஷயம் குறியுங்கள்: திதி, ஷிப்ட், எத்தனை மணி நேரம் தூங்கினேன், மாதவிடாய் எத்தனையாவது நாள். நிலாவின் சுற்று 29½ நாள். மாதவிடாய்ச் சுற்றும் பலருக்கு அதை ஒட்டியே இருப்பதால், எதனால் மனசு இருண்டது என்று குழப்பம் வரும். நைட் ஷிப்ட் வாரத்தில் தூக்கம் கெட்டு, எல்லோர்மீதும் எரிச்சல் வந்து, எல்லோரும் நமக்கு எதிராக இருப்பது போலத் தோன்றுவது மிகச் சாதாரணம். நிலாவுக்கு ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். அர்ஜென்டினாவில் மின்சாரம் உள்ள, இல்லாத ஊர்களில் எல்லாம் அளந்து பார்த்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. பௌர்ணமிக்கு முந்தைய இரவுகளில் மக்கள் தாமதமாகப் படுத்துக் குறைவாகத் தூங்கினார்கள் என்று அது சொல்கிறது. மூன்று நான்கு மாதம் குறித்தால் உங்களுக்கு எது என்று உங்கள் நோட்டே சொல்லும். அந்த நூல் கட்டிய ராத்திரி எந்த ஷிப்ட், முந்தைய நாள் எவ்வளவு தூங்கினீர்கள் என்று இப்போதே யோசித்துப் பாருங்களேன்.

இங்கிலாந்துப் பண்டிகைகளைக் குறிப்பவர்கள் அக்டோபர் 31ஐக் குளிர்கால வாசல் என்று எழுதுவார்கள். அங்கே அறுவடை முடிந்து நிலம் ஓயும் நேரம் அது. நமக்கு அப்போது மழை, மானாவாரி ராகிக் கதிர் முற்றும் நேரம். உங்கள் நோட்டில் உங்கள் ஊரின் காலம் இருக்கட்டும். காவேரிப்பட்டணத்தில் மா பூக்கும் தை, மாசி, மண்டிக்கு லாரி நிற்கும் சித்திரை, வைகாசி, ஒகேனக்கலுக்குக் குடும்பத்தோடு போகும் ஆடி 18, அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் கூட்டம் நெரியும் தேய்பிறை அஷ்டமி. ஆயாவும் இந்தக் காலத்துக்குள்தான் வாழ்ந்தார்.

செடி கொடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிழல்களின் புத்தகம் வைத்திருப்பவர்கள் புகை போடுவார்கள், கஷாயம் வைப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஊமத்தை, அரளி, எருக்கு, குன்றிமணி நான்கும் விஷம். ஊமத்தையில் உள்ள அட்ரோபின், ஸ்கோபொலமின் வாய் உலர, கண்மணி விரிய, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய வைக்கும். அதை யாராவது ‘காட்சி கிடைத்தது’ என்று எழுதியிருந்தால் நம்பி முயல வேண்டாம். அரளி இதயத்தை நிறுத்தும். கதவை மூடிய சின்ன ரூமில் கரி போட்டுப் புகை வைத்துவிட்டுத் தூங்கவும் கூடாது. சாம்பிராணியோ நொச்சியோ, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

சரி, இப்போது அந்த லைன் லீடர் பொறுப்பு. ஒரு வருட எழுத்தில் அவள் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஆனால் கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: உங்களுக்கு ஏன் அது கிடைக்கவில்லை என்று யாரிடமாவது கேட்டீர்களா? என்னிடம் வரும் பெண்களில் பலர் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே வருடங்களைக் கழித்திருக்கிறார்கள். கேட்டால் திமிர் என்பார்கள், சண்டைக்காரி என்பார்கள் என்ற பயம். நேராகக் கேட்க முடியாத கோபம் எங்கேயாவது போயாக வேண்டும். சிலருக்குத் தலைவலியாகப் போகிறது, சிலருக்குக் குழந்தைமேல் போகிறது. உங்களுக்கு ஒரு காகிதத்தின்மேல் போனது. மற்ற இரண்டையும்விட இது குறைந்த சேதம், அதனால் உங்களை நீங்களே அதிகம் திட்டிக்கொள்ள வேண்டாம்.

ஒரு சடங்கு செய்தால், அதே வேண்டுதலுக்குப் பகலில் ஒரு காரியமும் செய்ய வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பௌர்ணமிக்கு ‘எனக்கு வேலையில் முன்னேற்றம் வேண்டும்’ என்று விளக்கு ஏற்றினால், அந்த வாரமே சூப்பர்வைசரிடம் போய், ‘அடுத்த முறை எனக்கு வரணும்னா நான் எதைச் சரிபண்ணணும் சார்?’ என்று கேளுங்கள். அவர் சொன்னதை இடது பக்கத்தில் அப்படியே எழுதுங்கள். அவர் சொல்வது நியாயமில்லாமல்கூட இருக்கலாம். வேண்டியவர்களுக்குக் கொடுத்திருக்கலாம், அதுவும் நடக்கிற விஷயம்தான். அப்படியென்றாலும் கோபம் யார்மீது வர வேண்டும் என்பது தெரிந்துவிடும். பொறுப்பைக் கொடுத்தவர் யாரோ, நீங்கள் நூல் கட்டியது வாங்கியவளுக்கு. இதை யோசித்து ஒரு பக்கம் எழுதுங்கள், இந்த மாதத்துக்கு அது போதும்.

இதை எழுதும்போது ஒரு சின்ன உத்தி உதவும். ‘நான்’ என்று எழுதாமல் உங்கள் பெயரைப் போட்டு, வேறு ஒருத்தியைப் பற்றி எழுதுவது போல எழுதிப் பாருங்கள். ‘அவளுக்கு அன்றைக்கு ஏன் அவ்வளவு வலித்தது?’ என்று கேளுங்கள். ஈதன் க்ராஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகளில், தன்னைப் பெயர் சொல்லி அழைத்து யோசித்தவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. தோழிக்கு நல்ல யோசனை சொல்ல நமக்கு எப்போதும் வருகிறது, நமக்கு நாமே சொல்லிக்கொள்ளத்தான் வருவதில்லை. 15 நிமிடத்துக்கு மொபைலில் அலாரம் வையுங்கள். அடித்ததும் பாதி வாக்கியமாக இருந்தாலும் நிறுத்திவிட்டு, எழுந்து முகம் கழுவுங்கள், யாருக்காவது போன் பண்ணுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல் எழுதவே வேண்டாம்.

தினமும் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை முழுசாகத் திருப்பிப் படியுங்கள். அப்போது அவள் பெயர் எத்தனை பக்கத்தில் வருகிறது என்று மட்டும் பாருங்கள். குறைந்திருந்தால் நீங்கள் சரியான பக்கம் போகிறீர்கள். குறையவில்லை என்றால் எழுதுவதை ஒரு மாதம் நிறுத்துங்கள். நிறுத்துவது தோல்வி இல்லை, சிலருக்கு எழுத்து ஒத்துவராது. அவர்களுக்கு நடப்பதோ, பேசுவதோ, பாட்டோ அந்த வேலையைச் செய்யும்.

அம்மாவைப் பற்றி. எரித்துவிடு என்று அவர் சொன்னதில் கோபத்தைவிடப் பயம்தான் எனக்குக் கேட்கிறது. ஆயா அவருக்கு மாமியாரோ அம்மாவோ, மந்திரித்ததை அவர் வீட்டுக்குள்ளேயே பார்த்திருப்பார். ஊர் அதை எப்படிப் பேசியது என்பதையும் கேட்டிருப்பார். ராத்திரி யார் யார் கதவைத் தட்டினார்கள், காலையில் அவர்களே எப்படித் தள்ளி நின்றார்கள் என்றெல்லாம் அவருக்குக் கதைகள் இருக்கும். மகளுக்கும் அந்தப் பேர் வந்துவிடக் கூடாது, கல்யாணம் பேசும்போது இது ஒரு பேச்சாகிவிடக் கூடாது என்று அவர் நினைப்பதில் தப்பில்லை. அவரிடம் வாதாட வேண்டாம். ‘யாருக்கும் கெடுதல் நினைத்து இனிமேல் எதையும் செய்ய மாட்டேன், எழுத மட்டும் விடு’ என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அதோடு, ஆயா எந்த நோய்க்கு என்ன செய்தார், என்ன சொல்லி மந்திரித்தார், யாரிடம் கற்றுக்கொண்டார், காசு வாங்கினாரா என்று கேட்டுப் பாருங்கள். மொபைலில் தேடியதைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும் என்பது என் எண்ணம்.

நோட்டை ஓசூர் ரூமிலேயே பூட்டி வையுங்கள். அடுத்தவர் பெயரை முழுசாக எழுதாமல் ஓர் எழுத்து மட்டும் போடுங்கள். மொபைலில் எழுதினால் லாக் போடுங்கள். பக்கத்தைப் படம் எடுத்து எங்கேயும் போடாதீர்கள், யாராவது பார்ப்பார்கள் என்று எழுதத் தொடங்கினால் பொறாமை என்ற வார்த்தையை நீங்கள் எழுதவே மாட்டீர்கள். உங்கள் பயத்தைக் கேள்விப்பட்டு, ‘பரிகாரம் செய்கிறேன், இவ்வளவு செலவாகும்’ என்று யாராவது வந்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நீங்கள் கட்டியதைப் பிரிக்க நீங்களே போதும்.

கடைசியாக ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டுப்போனால், சாப்பாடு இறங்காவிட்டால், யாரோ உங்களைப் பின்தொடர்வது போலவோ உங்களுக்குக் கெடுதல் செய்வது போலவோ உறுதியாகத் தோன்றினால், ஆள் இல்லாமல் குரல் கேட்டால், சாக வேண்டும் போல் இருந்தால், அப்போது நோட்டை நம்பியிருக்கக் கூடாது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போகலாம். லீவு கிடைக்காவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நைட் ஷிப்ட் இடைவேளையில்கூடப் பேசலாம். மெழுகுவர்த்தி, கார்டு, நூல் எல்லாவற்றையும் மறைக்காமல் அவர்களிடம் சொல்லுங்கள். இதைவிட விநோதமானதையெல்லாம் நாங்கள் தினமும் கேட்கிறோம், யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள்.